நான்கு நாள் சென்னை: ஒரு நாளுக்கு ஒரு தடம்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. திங்கட்கிழமை காலை சென்னையில் இருக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவும் கூட வருகிறார். அம்மாவுக்குக் கபாலீசுவரர் கோவிலும் கடற்கரையும் பார்க்க ஆசை. தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குத் தி.நகரில் புடவை எடுக்க வேண்டும். மேடவாக்கத்தில் இருக்கும் சித்தியையும் பார்க்காமல் திரும்ப முடியாது. நான்கு நாளில் இத்தனையும் முடியுமா, எங்கே தங்குவது, எதில் போவது, ஆட்டோவுக்கே பணம் கரைந்துவிடுமா என்பது அவருடைய கேள்வி.

முடியும் தம்பி. ஆட்டோவுக்குப் பணம் கரையாமலும் முடியும். நான் மேல்விஷாரத்துக்காரன், தோல் வியாபாரம். பெரியமேட்டுத் தோல் மண்டிக்கும் அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் 26 வருடங்களாக வாரம் ஒரு முறையாவது போய்வருகிறேன். சென்னையில் ஒரு வீடு வாங்கவில்லை, வாடகைக்கும் இருந்ததில்லை. எப்போதும் வெளியூர்க்காரனாகவே போய், வெளியூர்க்காரனாகவே திரும்பியிருக்கிறேன். அதனால் உங்களுக்கு எந்த இடத்தில் தடுமாறும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஊரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலூரில் வழி தெரியாதவருக்குக் கோட்டை என்ற ஒரு சொல் போதும். கோட்டைக்கு எதிரே பழைய பஸ் நிலையம், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் இடையே ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் டவுன் பஸ் ஓடும் அந்த ஒரே கோட்டில் ஊர் முழுவதும் அடங்கிவிடும். இதே கணக்கைச் சென்னையில் போட்டுத்தான் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். சென்னைக்கு நடு என்று ஒன்று கிடையாது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, எழும்பூர், வேளச்சேரி என்று தனித்தனி ஊர்களாக இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டி நகரமானது அது. 2011இல் மாநகராட்சி எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். நீங்கள் போகும் மேடவாக்கம் அந்த விரிந்த எல்லைக்கும் வெளியே நிற்கிறது.

கிழக்கே கடல். அதற்கு அப்பால் ஊர் வளர வழியில்லை. ஆகவே வடக்கு தெற்காக நீண்டு, மேற்கே பூந்தமல்லி, ஆவடி என்று விசிறிபோல விரிந்தது. முக்கியமான ரயில் தடங்கள் பலவும் கடலுக்கு இணையாக வடக்கு தெற்காகவே ஓடுகின்றன. இதனால் வடக்கு தெற்காகப் போவது எளிது. கிழக்கு மேற்காகக் குறுக்கே வெட்டுவதுதான் கடினம். மயிலாப்பூரிலிருந்து வடபழனிக்குப் போகும் ஒரு மணி நேரத்தில் எழும்பூரிலிருந்து தாம்பரத்துக்குச் சாவகாசமாகப் போய் இறங்கிவிடலாம். நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு நாளுக்கு ஒரு தடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய வேலைகளை அந்தத் தடத்தில் வரும் இடங்களாகப் பார்த்து அடுக்குங்கள். காலையில் கோட்டைப் பக்கத்துத் தேர்வாணையம், மதியம் தி.நகர், மாலை மெரினா, இரவு மேடவாக்கம் என்று ஒரே நாளில் போட்டால் நாள் முழுவதும் சாலையில் கழிந்துவிடும், அம்மாவின் முழங்காலும் தாங்காது.

தடங்கள் எவை என்று பார்ப்போம்.

மின்சார ரயில் முதலாவது. சென்னை கடற்கரை நிலையத்தில் கிளம்பி கோட்டை, பார்க், எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை வழியாகத் தாம்பரம் போய், அதற்கு மேல் செங்கல்பட்டு வரை ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். அந்த ஊரின் முதுகெலும்பு இந்தத் தடம் என்றே சொல்வேன். சாலையில் மழைநீர் தேங்கினாலும், ஊர்வலம் போனாலும், மேம்பால வேலை நடந்தாலும் வண்டி தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். காலை எட்டு முதல் பத்து வரையும் மாலை ஐந்து முதல் எட்டு வரையும் கூட்டம் நெரியும். அந்த நேரத்தில் அம்மாவை ஏற்றாதீர்கள். மற்ற நேரத்தில் உட்கார இடம் கிடைக்கும். சென்ட்ரலை ஒட்டியிருக்கும் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் போகும் மின்சார ரயில்கள் தனி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்தது மெட்ரோ. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதலில் ஓடியது. உங்களுக்கு வேண்டியவை இரண்டு தடங்கள். நீலத் தடம் விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி வழியாக விமான நிலையம் போகிறது. பச்சைத் தடம் சென்ட்ரலிலிருந்து எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி வழியாகப் பரங்கிமலை போகிறது. இரண்டும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கின்றன. இந்த இரண்டில் மட்டும் தடம் மாறலாம். குறைந்தபட்சம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது, வண்டிக்குள் குளிர்ச்சி இருக்கிறது, நடைமேடைக்கும் வண்டிக்கும் மட்டம் ஒன்றாக இருக்கிறது. முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட நல்ல வாகனம் அந்த ஊரில் இல்லை. ஒரு எச்சரிக்கை: நிலையத்துக்குள்ளேயே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி வெளியே வருவதற்குள் நம் பழைய பஸ் நிலையத்தை ஒரு சுற்று சுற்றியதுபோல ஆகிவிடும். அவசரப்படுத்தாமல் அழைத்து வாருங்கள்.

பறக்கும் ரயில் மூன்றாவது. கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை, திருவான்மியூர் வழியாக வேளச்சேரிக்குப் பெரும்பாலும் மேம்பாலத்தின் மேல் ஓடுகிறது. 1995இல் ஆரம்பித்தது. மெரினாவுக்கும் மயிலாப்பூருக்கும் மிகப் பக்கத்தில் போவது இதுதான், கட்டணமும் சொற்பம். ஆனால் அதன் நிலையங்கள் பெரிய பெரிய கட்டிடங்கள், நடமாட்டம் குறைவு, ஏற வேண்டிய படிகள் அதிகம். நீங்கள் தனியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். அம்மாவோடு போகும்போது வேண்டாம்.

மாநகரப் பேருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரயில் போகாத இடத்துக்கெல்லாம் அதுதான் கதி, வெளியூர்க்காரர் அஞ்சி ஒதுங்குவதும் அதைக் கண்டுதான். எண்ணோடு ஒட்டியிருக்கும் எழுத்தை விட்டுவிடாதீர்கள். 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும், 23சி அயனாவரத்திலிருந்து பெசன்ட் நகர் போகும். எண்ணை மட்டும் பார்த்து வேறு எழுத்துள்ள பேருந்தில் ஏறினால் பாதி வழியில் அது வேறு பக்கம் திரும்பிவிடும். ஏறுவதற்கு முன், போகும் இடத்தின் பெயரைச் சொல்லி ஓட்டுநரையோ பக்கத்தில் நிற்பவரையோ கேட்டுவிடுங்கள். சென்னைக்காரர்கள் வழி சொல்வதில் கருமித்தனம் பார்க்காதவர்கள். இந்தப் பேருந்து வேண்டாம், அடுத்ததில் ஏறுங்கள் என்று கையைப் பிடித்து நிறுத்தியவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உள்ளே ஏறியதும் நம் ஊர் வழக்கத்தை மறந்துவிடுங்கள். வேலூரில் நடத்துநர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நம்மிடம் வருவார். அங்கே பெரும்பாலும் அவர் பின்வாசலை ஒட்டிய தன் இருக்கையில் உட்கார்ந்திருப்பார், பணம்தான் அவரிடம் போகும். முன்பக்கம் நிற்பவர் பத்து ரூபாய் நோட்டை நீட்டி இடத்தின் பெயரைச் சொல்வார். அடுத்தவர் வாங்கி அதே பெயரைத் திருப்பிச் சொல்லி அடுத்த கையில் வைப்பார். நான்கைந்து கை மாறிப் போன நோட்டு, டிக்கெட்டும் சில்லறையுமாக அதே கைகளின் வழியே திரும்பி வரும். ஐந்து ரூபாய் காசு ஒன்றுகூடக் குறையாது. முதல்முறை என் பணம் இப்படிப் பின்னால் போனபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

அம்மாவுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் இலவசம். 2021இலிருந்து தமிழ்நாடு முழுவதும் உள்ள ஏற்பாடுதான், குடியாத்தத்திலும் பழகியிருப்பார். சென்னையில் அந்தப் பேருந்துகளை அடையாளம் காண முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்திருக்கிறார்கள். இலவசம் என்றாலும் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கானவை.

கைபேசியில் சென்னை ஒன் என்ற அரசுச் செயலியை ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் வந்தது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம். சில்லறைக்குத் திண்டாட வேண்டியதில்லை.

பெயர்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. இதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் நான் நிறைய அலைந்திருக்கிறேன். அங்கே சாலைக்கு இரண்டு பெயர். பலகையில் அண்ணா சாலை, வாயில் மவுண்ட் ரோடு. பலகையில் ஈ.வெ.ரா. பெரியார் சாலை, வாயில் பூந்தமல்லி ஹைரோடு. பலகையில் ராஜீவ் காந்தி சாலை, வாயில் ஓ.எம்.ஆர். நிறுத்தங்களுக்கோ இல்லாத பொருளின் பெயர் இருக்கும். ஜெமினியில் ஸ்டுடியோ இல்லை, மேம்பாலம்தான் இருக்கிறது. ஐஸ் ஹவுஸில் பனிக்கட்டி இல்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டிடம் அது, இன்று விவேகானந்தர் இல்லம். மிக முக்கியமாக, சென்னை கடற்கரை என்ற ரயில் நிலையம் மெரினாவில் இல்லை. பாரிமுனைப் பக்கம், துறைமுகத்துக்கு எதிரே இருக்கிறது. கடல் பார்க்கும் ஆசையில் அங்கே இறங்கி விழித்தவர்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இன்னொரு தனிக் குழப்பம் காத்திருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களே அங்கேயும் இருக்கின்றன. போளூருக்கு அந்தப் பக்கம் ஒரு சேத்துப்பட்டு என்றால், எழும்பூருக்கு அடுத்த நிறுத்தமும் சேத்துப்பட்டு. காட்பாடியில் காந்தி நகர் என்றால் அடையாற்றிலும் காந்தி நகர். வாலாஜா ரோடு என்றால் நமக்கு ராணிப்பேட்டைப் பக்கத்து ரயில் நிலையம், அவர்களுக்குச் சேப்பாக்கம் மைதானத்தை ஒட்டிக் கடற்கரைக்குப் போகும் சாலை. கோடம்பாக்கத்திலிருந்து வடபழனி வழியாகப் போரூர் போகும் சாலைக்குப் பெயரே ஆற்காடு சாலை. எல்லாம் ஆற்காட்டு நவாபு காலத்து உறவு. சேப்பாக்கம் அரண்மனை 1768இல் அவர்கள் கட்டியது, ராயப்பேட்டை அமீர் மகாலில் ஆற்காடு இளவரசரின் குடும்பம் இன்றும் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயிலும் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பி நம் வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் சென்ட்ரலில் இறங்கும் நமக்கு அந்த ஊரில் ஒரு பாத்தியதை உண்டென்று எனக்குத் தோன்றும். ஆகவே யாரிடமாவது வழி கேட்கும்போது ஊர்ப் பெயரோடு பக்கத்து அடையாளத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி உங்கள் நான்கு நாளைப் பிரிப்போம். திங்கட்கிழமை அதிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி நேராகச் சரிபார்ப்புக்குப் போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல வண்டிதான், வேலைக்குப் போகிறவர்கள் அதை நம்பித்தான் வாழ்கிறார்கள். ஆனால் வருடக்கணக்காகப் படித்து வாங்கிய ஒரு அழைப்பை, ஒரு சிக்னலில் வண்டி அரை மணி நேரம் நிற்காது என்ற நம்பிக்கையின் மேல் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையே கிளம்புங்கள். காட்பாடிக்கு வந்தால் லால்பாக் எக்ஸ்பிரஸ் கிடைக்கும், மதியவாக்கில் சென்ட்ரல் சேர்ந்துவிடும். முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

தங்குவதற்கு எழும்பூர். நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையிலும் கென்னத் லேனிலும் எல்லா விலையிலும் லாட்ஜ்கள் இருக்கின்றன. சித்தி வீட்டிலேயே தங்கினால் செலவு மிச்சம் என்று அம்மா சொல்வார். மேடவாக்கத்துக்கு ரயில் கிடையாது. திங்கட்கிழமை காலை நெரிசலில் அங்கிருந்து கோட்டைப் பக்கம் வர இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். எழும்பூரில் மின்சார ரயிலும் பச்சைத் தட மெட்ரோவும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மிச்சமாகும் நேரத்துக்கும் நிம்மதிக்கும் அந்த வாடகை தகும். சித்தி வீட்டுக்குக் கடைசி இரவைக் கொடுங்கள்.

சென்ட்ரலில் இறங்கும் அந்த முதல் பத்து நிமிடத்தைப் பத்திரமாகக் கடக்க வேண்டும். சிவப்புக் கட்டிடத்தின் வாசலுக்கு வந்ததும் எங்கே போகணும் சார் என்று நாலு பக்கமும் குரல் வரும். யாருக்கும் பதில் சொல்லாதீர்கள். எதிரே அரசுப் பொது மருத்துவமனை, வலது கைப் பக்கம் மூர் மார்க்கெட் வளாகம், அதற்கு அப்பால் வெள்ளை நிறத்தில் மாநகராட்சியின் ரிப்பன் கட்டிடம். அம்மாவோடு வரும் நீங்கள் மெட்ரோ வாசலில் இறங்கி மின்தூக்கி பிடியுங்கள், எழும்பூர் அடுத்த நிறுத்தம்தான். தனி ஆளாக இருந்தால் சாலையைக் கடந்து பார்க் நிலையத்தில் மின்சார ரயில் பிடிக்கலாம், அதிலும் எழும்பூர் அடுத்ததுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2009 நவம்பரில் என் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மாவின் கையில் துணிப்பை, என் கையில் குடையும் மருத்துவச் சீட்டும். பதற்றத்தில் சென்ட்ரல் வாசலில் முதலில் கூப்பிட்ட ஆட்டோவில் ஏறிவிட்டேன், வாடகை பேசவில்லை. வண்டி எந்தெந்தத் தெருவிலோ திரும்பியது, தேங்கிய தண்ணீரில் நின்றது, முக்கால் மணி நேரம் ஆனது. இறங்கும்போது கேட்ட தொகை எங்கள் இருவரின் ரயில் கட்டணத்தைப்போல நான்கு மடங்கு. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்ததை இன்றும் மறக்க முடியவில்லை. பரிசோதனை முடிந்து வந்தபோது, அங்கே வேலை பார்த்த ஒரு பெண் எங்களை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தின் வழியில் அனுப்பி வைத்தார். அங்கிருந்து பார்க் மூன்றாவது நிறுத்தம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சென்ட்ரல் எதிரில் நின்றோம். காலையில் யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அம்மா கேட்டார். அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டோவே கூடாது என்பதல்ல. செயலி வழியாக அழைத்தால் தொகை முன்னமே தெரிந்துவிடும். தெருவில் கைகாட்டி ஏறினால் உட்காருவதற்கு முன் தொகையைப் பேசி முடித்துவிடுங்கள். மீட்டர் போடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஊரைக் கடப்பதற்கு ரயில், நிலையத்திலிருந்து வாசலுக்கு ஆட்டோ என்று வைத்துக்கொண்டால் எந்தச் சவாரியும் இரண்டு மூன்று கிலோமீட்டரைத் தாண்டாது.

திங்கட்கிழமை அம்மாவை லாட்ஜில் ஓய்வெடுக்க விட்டுத் தனியாகப் போங்கள். எழும்பூரில் கடற்கரை நோக்கிப் போகும் மின்சார ரயிலில் ஏறினால் பார்க், அடுத்து கோட்டை. கோட்டையில் இறங்கினால் தேர்வாணைய அலுவலகம் நடக்கும் தூரம். அசல் சான்றிதழ்களைத் தோளில் மாட்டும் பையில் முன்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், நகல் எடுக்கும் வேலையை ஊரிலேயே முடித்துவிடுங்கள். மதியத்துக்குள் முடிந்தாலும் அன்றைக்கு வேறு வேலை வைக்க வேண்டாம்.

செவ்வாய் தி.நகர். எழும்பூரிலிருந்து தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலில் மாம்பலம். பத்தரை மணிக்குமேல் கிளம்பினால் அலுவலகக் கூட்டம் வடிந்திருக்கும், கடைகளும் திறந்திருக்கும். நிலையத்தின் வாசலே ரங்கநாதன் தெருவில் திறக்கிறது. வார நாள் முற்பகலில் அந்தத் தெரு நடக்கக்கூடியதுதான். சனி ஞாயிறு மாலையில் மட்டும் அம்மாவை அங்கே அழைத்துப் போகவே கூடாது. மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023இல் ஒரு நடைமேம்பாலம் திறந்திருக்கிறார்கள், கூட்டத்தின் தலைக்கு மேலே அரைக் கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாகக் காற்றோட்டமாக நடக்கலாம். பட்டுப்புடவை வாங்கிக் கை கனத்த பிறகு ரயில் வேண்டாம், ஆட்டோவில் திரும்புங்கள்.

புதன்கிழமைதான் அம்மாவின் நாள். பணத்தைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய நாளும் அதுதான். காலை ஏழு மணிக்கே செயலியில் ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் போய்விடுங்கள். சாலை அந்த நேரத்தில் காலியாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. வேலூர் வெயிலில் பழகிய உடம்புதானே என்று நினைக்காதீர்கள். நம் வெயில் சுடும், அவ்வளவுதான். சென்னையில் நிழலில் நின்றாலும் வியர்வை வற்றாது, முற்பகலிலேயே உடம்பு சோர்ந்துவிடும். ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் கையில் இருக்கட்டும். கபாலீசுவரர் கோவிலில் தரிசனம் முடித்துக் குளக்கரைப் பக்கம் உட்கார்ந்து, மாட வீதியில் சிற்றுண்டி சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

மாலை நாலரை மணிக்குமேல் மெரினா. பகலில் எப்போதோ கடற்காற்று உள்ளே வரத் தொடங்கியிருக்கும், அதற்குப் பிறகு அந்த ஊரே வேறு. எழும்பூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல், அங்கே நீலத் தடம் மாறி அரசினர் தோட்டம் நிலையம். வெளியே வந்தால் நான் சொன்ன அந்த வாலாஜா சாலை நேராகக் கடற்கரைக்குப் போகிறது. அங்கிருந்து விவேகானந்தர் இல்லம் எதிரே என்று ஆட்டோக்காரரிடம் சொல்லுங்கள். வேறெங்கும் இறங்காதீர்கள். மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீர் வரைக்கும் மணல் வெளி மிக அகலம், முழங்கால் வலியோடு அதில் நடக்கவே முடியாது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் கடலருகே போவதற்காக 2022இல் மரப்பாதை ஒன்று போட்டார்கள். கைப்பிடிக் கட்டையோடு மணலுக்குமேல் நீளமாகப் போகும். அலையின் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும் இடம்வரை அம்மா தன் காலாலேயே நடந்து வந்துவிடலாம். பாலாற்றில் தண்ணீர் ஓடுவதையே எப்போதாவது பார்க்கும் நமக்கு அந்தக் காட்சி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு மணி நேரம் கொடுங்கள்.

அன்று இரவே மேடவாக்கம் போவதென்றால் ஏழு மணி நெரிசலில் மாட்டாமல், அறைக்கு வந்து சாப்பிட்டு, ஒன்பது மணிக்குமேல் எழும்பூரிலிருந்து மெட்ரோவில் பரங்கிமலை வரை போங்கள். பச்சைத் தடத்தின் கடைசி நிறுத்தம் அது. அங்கிருந்து வாடகை வண்டி. மழைக்காலமாக இருந்தால், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்தப் பயணத்தை மறுநாள் காலைக்குத் தள்ளிவிடுங்கள். தெற்குப் பக்கத்துச் சாலைகளில் தண்ணீர் தேங்கும், சுரங்கப்பாதைகளை மூடிவிடுவார்கள். மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலைக்காகப் பல சாலைகள் குறுகிக் கிடக்கின்றன, நேற்றுப் போன வழி இன்று இருக்காது.

வியாழக்கிழமை திரும்பும்போது சென்ட்ரல் வரை போக வேண்டாம். பரங்கிமலையில் ஏறினால் தடம் மாறாமலேயே வெளியூர் பஸ் நிலையம் வந்துவிடும். இங்கே ஒரு சின்னத் தடுக்கல் இருக்கிறது. வடபழனிக்குப் பிறகு அரும்பாக்கம், அடுத்து புறநகர் பேருந்து நிலையம், அதற்கும் அடுத்ததுதான் கோயம்பேடு என்ற பெயருள்ள மெட்ரோ நிலையம். எல்லோரும் பஸ் நிலையத்தைக் கோயம்பேடு என்று சொல்வதால் ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கி, மூட்டையோடு திரும்பி நடக்கிறவர்கள் நிறைய. பேருந்து நிலையம் என்று அறிவிப்பு வந்ததும் இறங்கிவிடுங்கள். தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கத்துக்கு மாறிவிட்டன, அதைக் கேட்டுக் குழம்பிப் பலர் வண்டலூர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். நம் தடம் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழி. நம் மேற்குத் தடத்துக்கென்று குத்தம்பாக்கத்திலும் புதிய நிலையம் கட்டியிருக்கிறார்கள், ஆகவே கிளம்பும் நாளன்று காலையில் செய்தித்தாளையோ சித்தப்பாவையோ ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குடியாத்தம் நேர்ப் பேருந்து கிடைத்தால் காத்திருந்தாவது அதில் ஏறுங்கள். கிடைக்காவிட்டால் வேலூர் பேருந்து பிடித்துப் புதிய பஸ் நிலையத்தில் மாறிக்கொள்ளலாம். வலப்பக்கம் கடைசிக்கு இரண்டு வரிசை முன்னால் வேண்டாம், அங்கே சக்கரம் தூக்கிப்போடும். அம்மாவுக்கு நடுவில், காலை நீட்டக்கூடிய இடமாகப் பாருங்கள்.